வண்டி இல்லாமல் கும்பகோணம்

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஒரு கோயில் ஊருக்குப் போவது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத சங்கதி. மொட்டை, காதுகுத்து, வரன் தட்டிப்போகிறது, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேன் ஏறுவோம். அதனால்தான் போன கார்த்திகையில், "அரைப்பரீட்சை லீவுல ரெண்டு நாள் கும்பகோணம் போலாமுங்க, கோயலெல்லாம் பாத்துட்டு வரலாம்" என்று நான் சொன்னதும், என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் நாமக்கல் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். சமையல் கூடத்தை ஒட்டித்தான் ஏழாம் வகுப்பு. தாராசுரத்துக் கோயிலில் கல்லிலேயே தேரும் குதிரையும் சக்கரமும் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அங்கே வருஷம் தவறாமல் பாடம் நடக்கும். பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்கள். நான் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அதே வகுப்பில் முட்டை உரித்துக்கொண்டு அதே பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கோபம் வந்துவிட்டது. இந்த வருஷம் போயே தீருவது, அதுவும் இவரோடு போவது என்று முடிவு செய்தேன்.

இவர் பெயர் மருதாசலம். முப்பத்தைந்து வருஷம் லாரி ஓட்டியவர். இந்தியாவில் இவர் போகாத ஊர் இல்லை, பார்த்த ஊரும் இல்லை. காசி என்றால் இவருக்கு ஊருக்கு வெளியே உள்ள ஒரு டயர் கடை. மதுரை என்றால் ரிங் ரோடு. அறுபது தாண்டியதும் லாரியை விட்டு இறங்கி, இப்போது லாரிக்குப் பாடி கட்டும் ஒரு பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறார். வீட்டில் ஒரு பழைய மாருதி வேன் இருக்கிறது. அதையும் லாரி மாதிரியே சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

எங்கள் வீட்டுக் கோயில் போட்டோ எதிலும் இவர் கிடையாது. மகள் தமிழினிக்குக் காது குத்தியபோது வேன் நின்ற புளியமரத்தடியில் இருந்தார். அவள் பிள்ளைக்கு மொட்டை போட்டபோதும் அப்படித்தான். யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான் வரும். "நீங்க போய்ட்டு வாங்க, நா வண்டியப் பாத்துக்கறேன்." லோடு ஏற்றிய வண்டியை விட்டு நகராத தொழில். அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது என்று நானும் நினைத்திருந்தேன். பாவம் என்றுகூட நினைத்து, வேனுக்கே பிரசாதம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

கும்பகோணம் என்றதும் முகம் ஒரு மாதிரி ஆனதே தவிர, மாட்டேன் என்று சொல்லவில்லை. தினக்காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் திட்டம் போட ஆரம்பித்தார்.

"வெடியால ரெண்டு மணிக்கு எடுத்தம்னா, நோ என்ட்ரி போடறதுக்குள்ள திருச்சியத் தாண்டீரலாம்."

"நம்முளுது மாருதி வேனுங்க. அதுக்கு எவன் நோ என்ட்ரி போடறான்?"

அதைக் காதில் வாங்கவில்லை. பைபாஸில் நிழல் உள்ள ஒரு பெட்ரோல் பங்க், பக்கத்தில் குளிக்கத் தண்ணீர்த் தொட்டி, எட்டு மணிக்கு இட்லிக்கடை என்று எழுதிக்கொண்டே போனார். தாள் நிறைந்துவிட்டது. அதில் கோயில் மட்டும் இல்லை.

"கோயலுங்க?"

"கோயலுக்குப் போற தெருவெல்லாம் சந்து. வண்டி நிறுத்த எடமிருக்காது. நா பைபாஸ்லயே இருந்துக்கறேன். நீ ஒரு ஆட்டோ புடிச்சுக்கிட்டு நிம்மதியாப் பாத்துட்டு வா."

"ரெண்டு நாளுமா?"

"வண்டியப் பாக்கோணுமல்ல?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் பாதிக்கு மேல் இவர் ரோட்டில் இருந்தார், நான் வாசலில் நின்றேன். இப்போது ஊருக்கே ஒன்றாகப் போய், அங்கேயும் இவர் ரோட்டில் இருப்பாராம், நான் கோயிலுக்குள் நிற்பேனாம். இதற்கு ஒரு பயணமா? வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் முடிவு அப்போதே எடுத்துவிட்டேன். வண்டி இருந்தால்தானே இவர் பார்த்துக்கொள்வார்?

மறுநாளே சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் நங்கையாவுக்குப் போன் போட்டேன். நங்கையா என்றால் இவருடைய அக்கா கந்தம்மாள். அவர் மகனுக்கு மளிகைக் கடை. சரக்கு வண்டி பட்டறையில் நிற்கிறது, லோல்படுகிறோம் என்று முந்தின வாரம்தான் புலம்பியிருந்தார். "எங்க வேனை ஒரு வாரத்துக்கு எடுத்துக்குங்க" என்றேன்.

"நீங்க எங்கியோ போறம்னீங்களே?"

"பஸ்ஸுல போறோம். கும்பகோணம்."

"என்ன வேண்டுதல்?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மாதான்."

"சும்மாவா? வேண்டுதல் இல்லாம கோயலுக்குப் போனா, சாமி எதுக்கு வந்தேன்னு கேக்காதா?"

"கேட்டா, உங்களப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்லிக்கறனுங்க நங்கையா."

அவர் சிரித்தார். மறுநாளே மகன் வந்து வேனை எடுத்துப் போய்விட்டான். தமிழினி பெங்களூரில் இருந்தபடியே கும்பகோணத்தில் ஒரு ரூம் போட்டுக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பி, சனியும் ஞாயிறும் பார்த்துவிட்டு, ஞாயிறு பொழுதோடு திரும்புவது என்று ஏற்பாடு.

வேன் போன அன்று பொழுதோடு இவர் பட்டறையிலிருந்து வந்தார். வேன் நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டார்.

"வண்டி எங்க புள்ள?"

"அஸ்தம்பட்டிக்குப் போயிருச்சு. நாம பஸ்ஸுல போறோம். நீங்க எங்கூடக் கோயலுக்குள்ள வாறீங்க."

"அப்ப நா வரலை."

"சரி, வர வேண்டாம். நீங்க வரலைன்னா நானும் போகலை. ஆனா ஏன்னு இன்னைக்குச் சொல்லீரோணும். வண்டிக்கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். வண்டிதான் இல்லையே."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். நானும் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். எழுந்திரிக்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

"தமிழினி பொறந்தப்ப நீ ஆஸ்பத்திரில கெடந்தியல்ல?"

கிடந்தேன். இரண்டு நாள் வலி. பிறகு நினைவே இல்லை. பிழைத்து எழுந்தபோது பக்கத்தில் குழந்தை, கால்மாட்டில் இவர், சட்டையெல்லாம் உப்பு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"நா வேதாரண்யத்துல உப்பு ஏத்திக்கிட்டு வாரேன். அன்னைக்குக் கிளீனரும் இல்ல, ஒத்தை ஆளு. வழியில ஒரு பூத்துல நிறுத்தி லாரி ஆபீசுக்குப் போன் போட்டா, 'ரெண்டு உசுருல ஒண்ணுதான் மிஞ்சும்ங்கறாங்களாம், வெரசா வா'ங்கறாங்க. அன்னைக்குன்னு பாத்து மழைத்தண்ணியில பாலம் போயி, மெயின் ரோட்டுல உடாம, கும்பகோணத்துப் பக்கம் ஊருக்குள்ளாற திருப்பி உட்டுட்டாங்க. எந்த ஊரு, எந்த ரோடு, ஒண்ணும் தெரீல. அப்பத்தான் விடியுது. வயக்காட்டுக்கு அக்கட்ட ஒரு கோபுரம் தெரிஞ்சுது."

துண்டை மறுபடி மடித்தார்.

"நிறுத்தி எறங்கலாம்னா ஒத்தை ரோடு, முன்னால பின்னால வண்டி. ஸ்டேரிங்க உடாமயே சொன்னேன். ரெண்டு பேரையும் உட்டு வெச்சீன்னா, அவளக் கூட்டிக்கிட்டு உன்ற வாசலுக்கு வாரேன். அதுவரைக்கும் வேற எந்தக் கோயல் வாசப்படியும் மிதிக்க மாட்டேன்னு."

"எந்தச் சாமிங்க?"

"அதான் தெரீலயே புள்ள."

நான் முதலில் சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்தேன். ஊர் பெயர் தெரியாமல், சாமி ஆணா பெண்ணா என்று தெரியாமல், ஓடுகிற லாரியில் இருந்துகொண்டு ஒரு கோபுரத்திடம் வேண்டிக்கொள்ள நாமக்கல் டிரைவரால்தான் முடியும். சிரிப்பு எங்கே நின்றது, அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷம் இவர் புளியமரத்தடிகளில் உட்கார்ந்திருந்தது வண்டிக்காக இல்லை, எனக்காக. அதுகூடத் தெரியாமல் நான் பிரசாதத்தை நீட்டி, "சாமி கும்பிடாத மனுஷன்" என்று பத்துப் பேர் முன்னால் கேலி பேசியிருக்கிறேன்.

"தேடலீங்களா?"

"மூணு தடவை அந்தப் பக்கம் லோடு கேட்டு வாங்கிட்டுப் போனேன். அந்த ரோடு கெடைக்கல. பொறவு வடக்கு லைன்ல போட்டுட்டாங்க. சாமி பேரு தெரியாம வேண்டிக்கிட்டேன்னு யாருகிட்டப் போயிச் சொல்றது? லாரி ஸ்டாண்டே கைகொட்டிச் சிரிக்கும்."

"எங்கிட்டச் சொல்றது."

"நீயும் சிரிச்சியல்ல இப்ப?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, காலண்டரில் புதுத் தாள் கிழித்தேன். வரப்போகிற தேதியைக் கிழித்துவிட்டேன் என்றார். வந்தால் வரட்டும் என்றேன்.

"ரோட்டச் சொல்லுங்க. என்னென்ன நெனப்பிருக்குதோ அத்தனையும் சொல்லுங்க."

மனுஷருக்கு ஊர் பெயர் நினைவிருக்காது, ரோடு மறக்காது. சூரியன் கண்ணாடியில் பின்னால் தெரிந்ததாம், அப்படியென்றால் வண்டி மேற்கே போகிறது. கோபுரம் கிளீனர் பக்கம், அதாவது இடது பக்கம். அதற்கு முன்னால் ஒரு ரயில்வே கேட் தாண்டியிருக்கிறார். தாண்டியபின் வாய்க்கால் பாலம், பாலத்தில் ஏறும்போதே வலது பக்கம் ஒடிக்க வேண்டியிருந்தது. நான் எழுதினேன். தமிழினியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டு, மேப்பைத் திறக்கச் சொன்னேன். கதையைச் சொன்னதும், "அப்பா, எனக்காகவுமாங்கப்பா?" என்றாள். இவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

"அம்மா, இங்க கோயில் தவிர வேற எதுவுமே இல்ல போலிருக்கே" என்றாள் மேப்பைப் பார்த்துவிட்டு. "இதுல எப்படித் தேடறது?"

"மேக்க போற ரோடு. எடது பக்கம் கோபுரம். முன்னால கேட்டு, பின்னால வாய்க்கா. இது நாலும் இல்லாதத அடிச்சுக்கிட்டே வா சாமி."

மூன்று நாள் வேலை அது. அவள் ஆபீஸ் முடிந்து வந்து மேப்பைப் பார்த்து அடிப்பாள், இவர் அவள் அனுப்பும் படத்தைப் பார்த்து அடிப்பார், நான் எழுதி வைத்துக்கொள்வேன். கடைசியில் ஒன்பது கோயில் மிஞ்சின. தாராசுரம் அதில் வரவில்லை. ஆனாலும் அதைப் பட்டியலுக்கு மேலே தனியாக எழுதிக்கொண்டேன். அந்த அளவுக்கு நான் தியாகி இல்லை.

"ஒம்போதும் இல்லைன்னா?" என்றார்.

"அடுத்த லீவுக்கு இன்னொரு ஒம்போது."

"ஒவ்வொண்ணுக்கும் உள்ள வரச் சொல்லாத. அந்த வாசலு இதுதான்னு தெரிஞ்சாத்தான் நா மிதிப்பேன். இல்லைன்னா வெளியவே நின்னுக்கறேன்."

எல்லாவற்றுக்கும் உள்ளே வாருங்கள், பாவம் வந்தால் என் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். அசையவில்லை. இருபத்தொன்பது வருஷம் காத்த வாக்கைக் கடைசி நாளில் உடைக்கச் சொல்வதும் நியாயமாகப் படவில்லை. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறினோம். பயணியாக உட்கார்ந்து இவருக்குப் பழக்கமே இல்லை. திருச்சி வரைக்கும் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவர் வலது கால் தரையை மிதித்தது. "கியர் மாத்தறானா, மாவாட்டறானா?" என்று என் காதில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருஷத்தில் ஐந்து மணி நேரம் தொடர்ந்து இவர் தோளை ஒட்டி உட்கார்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை சுப்பையன் என்ற ஆட்டோக்காரரைப் பிடித்தோம். பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இத்தனையும் ஒரே நாள்ல முடியாதும்மா. பன்னண்டு மணிக்கு நடை சாத்துனா நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க. தாராசுரம் போக இன்னைக்கு நாலு, நாளைக்கு அஞ்சுன்னு வச்சுக்கலாம்" என்றார்.

முதலில் தாராசுரம். இவர் வெளியே ஆட்டோவோடு நின்றுவிட்டார். நான் மட்டும் உள்ளே போய்க் கல் தேரைப் பார்த்தேன். பாடத்தில் சொன்னது எல்லாம் இருந்தது. குதிரை இருந்தது, சக்கரம் இருந்தது, சக்கரத்தின் ஆரக்காலெல்லாம் இருந்தது. "இங்க பாருங்க" என்று பக்கத்தில் திரும்பினேன். அங்கே யாரோ ஒரு குடும்பம் செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆசைப்பட்ட இடத்தில் கால் மணி நேரம்கூட நிற்க முடியவில்லை. இவர் உள்ளே வராத எந்தக் கோயிலும் எனக்கு இனி இப்படித்தான் இருக்கும் என்று பயம் வந்துவிட்டது.

அதன் பிறகு பட்டியலில் முதல் மூன்று கோயில். ஒவ்வொன்றிலும் ஒரே முறைதான். இவர் வாசல் வரைக்கும் என்னோடு வருவார். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார். பிறகு திரும்பி ரோட்டுக்குப் போய், இருநூறு அடி கிழக்கே நடந்து, அங்கிருந்து ஸ்டேரிங் பிடித்த மாதிரி நின்று பார்ப்பார். பூக்காரம்மாவிடம், "ஏனுங்க, முன்னால இக்கட்ட ரயில்வே கேட் இருந்துதுங்களா?" என்று விசாரிப்பார். வந்து, "இது இல்ல புள்ள" என்பார். நான் தனியே உள்ளே போய் அவசரமாகக் கும்பிட்டுவிட்டு வருவேன். மூன்றாவது கோயிலில் அம்மனிடம் சண்டையே போட்டேன். நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே, எந்த வீடு என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டேன்.

பட்டியலில் நான்காவது கோயிலுக்குப் போனபோது மணி நாலரை. ஊர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. காரணம் கடைசியில் உங்களுக்கே புரியும். ஆட்டோ நின்றது. இவர் இறங்கினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துவிட்டு நிமிர்கிறேன், இவர் ரோட்டுப் பக்கம் போகவில்லை. கோபுரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பூக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

வாசப்படிக்கு முன்னால் எனக்காக நின்றார். நான் பக்கத்தில் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். நாலு பேர் பார்க்க இவர் என் கையைத் தொட்டதே கிடையாது. பிடித்த பிடியை விடாமல் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

குருக்கள் யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார். "கோகிலவாணி, ரேவதி. தமிழினி, அஸ்வினி." என் நட்சத்திரம் ரேவதி என்று இவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தீபாராதனை முடிந்தும் நகரவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பிறகு முழுசாகக் கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்திரிக்க நேரமானது. பயந்து நான் குனிந்தபோது முதுகு குலுங்குவது தெரிந்தது. நானும் அழுதேன். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

அதன் பிறகு மனிதர் வெளியே வரவே மனசில்லாமல் சுற்றினார். ஒவ்வொரு தூணிடமும் நின்றார். "இதென்ன புள்ள, யாளியா? தும்பிக்கையும் வெச்சு, கோரப்பல்லும் வெச்சிருக்கான் பாரு" என்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். மண்டபத்து விதானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று சிரித்தார். பிராகாரத்தில் பொங்கல் வாங்கி, ஒரே இலையில் இருவரும் சாப்பிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

வெளியே வந்து செருப்பைப் போட்டார். இப்போது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி சொன்னார்.

"இது இல்ல புள்ள. நாளைக்கு மிச்சம் அஞ்சையும் பாத்தரோணும்."

இது இல்லையென்றால் எதற்கு உள்ளே வந்தீர்கள் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரோட்டில் வரும்போதே அந்த வாசல்தான் என்று தெரியாமல் இவர் காலை வைத்திருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தேன். கண் இன்னும் சிவப்பாக இருந்தது. மகள் பிறந்த அன்று கால்மாட்டில் நின்ற அதே முகம். வாக்குத் தீர்ந்து எந்தக் கோயிலுக்குள்ளும் வரலாம் என்று ஆன பிறகும், தேடல் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால் நான் பையைக் கட்டிவிடுவேனோ, இனி சேர்ந்து படியேறக் காரணம் இல்லாமல் போய்விடுமோ என்று அந்தப் பெரிய மனுஷருக்குப் பயம். சும்மா உன்னோடு நாலு கோயில் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல எங்கள் பக்கத்து ஆண்களுக்கு வராது. ஒரு காரணம் வேண்டும்.

"ஆமாங்க, இது இல்ல. நல்லாத் தேடோணும்" என்றேன்.

அவர் வேகமாக நடந்து போய், "அண்ணா, நாளைக்கு வெடியால அஞ்சு மணிக்கே வந்துருங்க" என்று சுப்பையனிடம் சொன்னார். முப்பது வருஷத்தில் இவர் சொல்லி நான் மடக்காமல் விட்ட பொய் அது ஒன்றுதான்.